போட்டோ எடுத்தால் ஆயுசு கூடும்!

"போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்ல... தள்ளிப் போ அந்தாண்ட!"

சின்ன வயதில் எங்கள் ஆச்சி என்னை விரட்டிய வார்த்தை இது. அக்கா கல்யாணத்தில் போட்டோகிராபர் பக்கத்தில் வந்தாலே போதும், சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். கடைசி வரை அவளுடைய படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லாமலே போயிற்று.

ஆச்சி இன்று இருந்தால் அவளிடம் ஒன்று சொல்வேன். "ஆச்சி, போட்டோ எடுத்ததால் ஆயுசு கூடிய ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும்!"

என்ன, ஆச்சரியமாக இருக்கிறதா? ஒரு சித்த வைத்தியர் போட்டோவைப் பற்றி எழுதுகிறாரே என்று நினைக்கிறீர்களா? முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

தபால் அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் என் கிளினிக் இருக்கும் தெருவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தொண்ணூறுகளில் வாங்கிய 'யாஷிகா' கேமராவில் ஆரம்பித்த பழக்கம். அப்புறம் டிஜிட்டல் கேமரா. இப்போது செல்போனும் சேர்ந்துகொண்டது. கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ போய் எடுக்கிறவர் இல்லை. யாரிடமும் பத்துப் பைசா வாங்க மாட்டார். வீட்டு மனிதர்கள், அக்கம்பக்கத்தவர்கள், அவர்கள் வளர்க்கும் நாய், பூனை, ஆடு, கோழி... இவ்வளவுதான் அவர் உலகம்.

அவர் எடுக்கிற விதமே தனி. "நேரா நில்லு, சிரி" என்றெல்லாம் சொல்ல மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் ஊர்க்கதை பேசுவார். இஸ்திரி போடுகிறவர் கரித்துண்டை ஊதும்போது ஒன்று. பால்காரம்மா கன்றுக்குட்டியின் கழுத்தைச் சொறியும்போது ஒன்று. எதிர்வீட்டுப் பெரியம்மா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவும்போது ஒன்று.

அந்தப் பெரியம்மா ஒருநாள் கேட்டாராம், "நாளைக்கு மாலை போடுறதுக்கு ஆவும். நல்லா ஒண்ணு எடுத்து வையி ராசா."

அண்ணாச்சி சொன்ன பதில்: "மாலை போடுறதுக்கு இல்ல பெரியம்மா. நீங்க பாக்குறதுக்கு!"

சொன்னபடியே பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். பெரியம்மா பத்து நாள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

அண்ணாச்சியிடம் இன்னொரு பழக்கம் உண்டு. பிரிண்ட் போடும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், வயது, தேதி மூன்றையும் எழுதி வைத்துவிடுவார். "தபால்னா முத்திரை இருக்கணும்லா தம்பி" என்பார். அந்த முத்திரைதான் பிறகு ஒரு குழந்தைக்கு உதவியது.

மூன்று படம், ஒரு கண்

2016-ம் வருஷம். ஒருநாள் இரவு கிளினிக்கை மூடும் நேரத்தில் அண்ணாச்சி வந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை. பையிலிருந்து மூன்று படங்களை எடுத்து மேஜை மேல் பரப்பினார்.

"கேமராவுல கோளாறா, இல்ல என் கண்ணுல கோளாறான்னு தெரியல தம்பி. நீங்க பாத்துச் சொல்லுங்க."

மூன்றிலும் இருந்தது பக்கத்துத் தெருப் பாப்பா. இரண்டு வயது. மடியில் ஒரு நாய்க்குட்டி. பிறந்தநாளன்று சாயங்காலம், வெளிச்சம் குறைவாக இருந்ததால் ஃப்ளாஷ் போட்டு எடுத்திருக்கிறார். நாய்க்குட்டியின் இரண்டு கண்ணும் பச்சையாக மின்னின. பாப்பாவின் வலது கண்ணின் நடுவில் சிவப்பு. இடது கண்ணில்... வெள்ளை. இருட்டில் பூனைக் கண் பளபளக்குமே, அந்த மாதிரி.

"ஒரு படத்துல இருந்தா விட்டுருப்பேன். மூணுலயும் அதே கண்ணு. அதான் பழசையும் தேடினேன்" என்று நாலாவது படம் ஒன்றை எடுத்தார். பின்னால் தேதி இருந்தது. எட்டு மாதத்துக்கு முந்தையது. அதில் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி சிவப்பு.

எனக்குக் கை சில்லிட்டுப் போயிற்று. காரணம் இரண்டு.

முதல் காரணம், குழந்தையின் கண்மணியில் இப்படி வெள்ளை தெரிந்தால் அது எதுவாக இருக்கக்கூடும் என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது காரணத்தைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் அதே பாப்பாவைச் சளிக்காக என்னிடம் தூக்கி வந்திருந்தார் அதன் ஆச்சி. போகிற போக்கில், "ஒரு கண்ணு லேசா ஓரத்துக்கு ஓடுது டாக்டரய்யா" என்றார். கூட்டம் அதிகமான நேரம். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வளர வளரச் சரியாயிடும் ஆச்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நோயாளியைக் கண்டறிய எட்டு வழிகளைப் படித்தவன் நான். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதைத்தான் எங்கள் மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்கிறோம். 1964-ல் தொடங்கப்பட்ட பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இதை எங்களுக்கு உருப்போட வைத்தார்கள். அதில் ஆறாவது விழி. படித்த நான் பார்க்கத் தவறியதை, தபால் முத்திரை குத்திய அண்ணாச்சி பார்த்துவிட்டார்!

"நீங்க மருந்து குடுங்க"

அன்று இரவே பாப்பா வீட்டுக்குப் போனோம். பயமுறுத்தாமல், ஆனால் ஒத்திப்போட முடியாதபடி சொன்னேன். மறுநாள் காலையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு அண்ணாச்சியும் கூடவே போனார். அந்த நாலு படங்களையும் கொண்டுபோகச் சொல்லியிருந்தேன். குழந்தைக்கு மயக்கம் கொடுத்து, கண்மணியை விரிய வைத்துப் பரிசோதித்தார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள்.

ரெட்டினோபிளாஸ்டோமா. அதாவது, விழித்திரையில் வரும் புற்றுநோய். குழந்தைகளுக்கு வருவது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தெரிந்துவிடும். சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரலாம் என்பது கணக்கு. கட்டி சின்னதாக இருந்தால் லேசர், குளிரூட்டிக் கருக்கும் சிகிச்சை, கீமோதெரபி என்று கண்ணைக் காப்பாற்றவே பார்ப்பார்கள். பாப்பாவுக்குக் கட்டி கண்ணுக்குள் பெரும்பகுதியை அடைத்துவிட்டது. கண்ணை எடுத்தால்தான் உயிர் பிழைக்கும் என்றார்கள்.

மூன்றாம் நாள் காலை. கிளினிக் திறக்கும் முன்பே பாப்பாவின் அப்பாவும் ஆச்சியும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பொம்பளப் புள்ள டாக்டரய்யா. கண்ணை எடுத்துட்டா நாளைக்கு யாரு கட்டுவா? எங்களுக்கு இங்கிலீஷ் வைத்தியம் வேண்டாம். நீங்க மருந்து குடுங்க. மூலிகையில இல்லாததா?"

வாசகர்களே, ஒரு சித்த வைத்தியனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. இதைவிடப் பெரிய ஆபத்தும் கிடையாது. நான் ஒரு சூரணத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தால் அவர்கள் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். அதற்குள் அந்த நோய் கண்ணின் நரம்பு வழியாக மூளைக்குப் போயிருக்கும்.

"ஆச்சி, என்கிட்ட இதுக்கு மருந்து இல்ல. இந்த நோய்க்கு மருந்து இருக்குன்னு யாரு சொன்னாலும், நானே சொன்னாலும் நம்பாதீங்க. கண்ணு உள்ளேயே இருக்கு நோயி. இப்பவே எடுத்தா பிள்ளை பிழைக்கும். தாமதிச்சா கண்ணும் போவும், பிள்ளையும் போவும்" என்றேன். அன்றைக்கு நான் பார்க்காமல் விட்டதையும் மறைக்காமல் சொன்னேன்.

ஆச்சி ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களே இல்லேங்கிறீக. அப்ப சரி" என்று எழுந்தார். என் மேல் வைத்திருந்த நம்பிக்கையை, என்னிடமிருந்து அவர்களை அனுப்புவதற்குத்தான் நான் பயன்படுத்த முடிந்தது.

ஆபரேஷன் முடிந்தது. காயம் ஆறியபின் செயற்கைக் கண் பொருத்தினார்கள். நோய் வெளியே பரவியிருக்கவில்லை. தொடர்ந்து பரிசோதனைக்குப் போய் வந்தார்கள். பிறகு பிறந்த தம்பிக்கும் பிறந்த உடனேயே கண் பரிசோதனை செய்தார்கள். சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரக்கூடியது என்பதால் உடன்பிறந்தவர்களையும் பார்ப்பது அவசியம்.

ஒன்றை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். நோய் கண்ணுக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்து முறையாகச் சிகிச்சை செய்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

சிவப்பு ஏன்? வெள்ளை ஏன்? நாய்க்கு மட்டும் பச்சை ஏன்?

வெளிச்சம் குறைந்தால் நம் கண்மணி விரிந்துகொள்ளும். அந்த நேரத்தில் ஃப்ளாஷ் அடித்தால், ஒளி உள்ளே போய் விழித்திரைக்குப் பின்னால் உள்ள, இரத்தக் குழாய்கள் நிறைந்த படலத்தில் பட்டுத் திரும்பும். அதுதான் படத்தில் தெரியும் சிவப்பு. நம் ஊர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் மங்கலாக, ஆரஞ்சு கலந்தும் இருக்கலாம். பயப்பட வேண்டாம். இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

ஒரு கண்ணில் மட்டும் வெள்ளையோ மஞ்சளோ தெரிந்தால், உள்ளே போன ஒளியை வேறு ஏதோ தடுத்துத் திருப்புகிறது என்று அர்த்தம். அது புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிறவிக் கண்புரையாக இருக்கலாம். வேறு விழித்திரை நோயாக இருக்கலாம். குழந்தை ஓரமாகப் பார்க்கும்போது ஒளி கண் நரம்பின் தலைப்பகுதியில் பட்டு வெள்ளையாகத் தெரிவதும் உண்டு. அது நோயே இல்லை. ஆனால் எது என்று தீர்மானிக்க வேண்டியவர் கண் டாக்டர். நீங்களும் இல்லை, நானும் இல்லை. சில நாட்களுக்குள் காட்டிவிடுங்கள்.

நாய், பூனை, மாடு, ஆடு இவற்றுக்கு விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு. உள்ளே வந்த ஒளியை அது மறுபடி விழித்திரைக்கே திருப்பி அனுப்பும். அதனால்தான் இரவில் அவற்றுக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. படத்தில் பச்சை, மஞ்சள், நீலம் என்று மின்னுகிறது. இது இயல்பு. மனிதக் குழந்தைக்கு அந்தப் படலம் கிடையாது. எனவே "பூனைக்கண்ணு மாதிரி அழகா இருக்கு" என்று குழந்தையைக் கொஞ்சாதீர்கள்!

இன்னொன்று. இப்போதைய செல்போன்களும் கேமராக்களும் கண்ணின் சிவப்பைத் தாங்களாகவே அழித்துவிடுகின்றன. சந்தேகம் இருந்தால் அந்த வசதியை நிறுத்திவிட்டு, மங்கலான வெளிச்சத்தில், நாலைந்து அடி தள்ளி நின்று, குழந்தை நேராகப் பார்க்கும்போது ஒன்றிரண்டு படம் எடுத்துப் பாருங்கள். அவ்வளவு போதும். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள்.

ஆல்பத்தில் கவனியுங்கள்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பார்கள். அகத்தின் கோளாறும் முகத்தில் தெரியும். தினமும் பார்க்கும் முகத்தில் மெல்ல மெல்ல வரும் மாற்றம் நமக்குப் புலப்படாது. பத்து வருஷத்துப் படங்களை வரிசையாக வைத்தால் பளிச்சென்று தெரியும். பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட "பழைய போட்டோ இருந்தால் கொண்டு வாருங்கள்" என்று கேட்பது உண்டு.

● கண்ணில் ஒளிப்புள்ளி: ஃப்ளாஷ் படத்தில் இரண்டு கண்ணிலும் ஒரு சின்ன வெள்ளைப்புள்ளி விழும். அது இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் நடுவிலும் இன்னொன்றில் ஓரத்திலும் இருந்தால் மாறுகண்ணாக இருக்கலாம். பிறந்த மூன்று நாலு மாதம் வரை குழந்தையின் கண் அவ்வப்போது ஓடுவது இயல்பு. அதற்கு மேல் ஓடினால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். "மாறுகண்ணு அதிர்ஷ்டம்" என்று விட்டால் அந்தக் கண் பார்வையே மங்கிப் போகலாம்.

● தலைச் சாய்வு: எல்லாப் படத்திலும் குழந்தை ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்திருக்கிறதா? கழுத்துத் தசையில் இறுக்கம் இருக்கலாம். அல்லது கண்ணை அசைக்கும் நரம்பில் பலவீனம் இருக்கலாம்.

● இமை: முன்பு சமமாக இருந்த இமைகளில் ஒன்று இப்போது இறங்கியிருந்தால் காட்டுங்கள். திடீரென இறங்கி, தலைவலியும் பொருள்கள் இரண்டாகத் தெரிவதும் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி. இமையின் மூக்குப் பக்க ஓரத்தில் மஞ்சள் திட்டு இருந்தால் இரத்தத்தில் கொழுப்பைப் பரிசோதியுங்கள்.

● கழுத்து: முன்பக்கம் வீக்கம் தெரிந்தால் தைராய்டு. முகம் உப்பி, புருவத்தின் வெளி ஓரம் கொட்டியிருந்தாலும் தைராய்டைப் பார்க்க வேண்டும். கழுத்து மடிப்பில் வெல்வெட் துணி மாதிரிக் கறுப்பு படர்ந்திருந்தால் அழுக்கென்று தேய்க்காதீர்கள். சர்க்கரை நோய் வரப்போகிறது என்பதன் முன்னறிவிப்பாக அது இருக்கலாம்.

● மூக்கு, தாடை, விரல்: வருஷக்கணக்கில் மூக்கு பருத்து, தாடை முன்னே வந்து, மோதிரம் போடவே முடியாமல் விரல் தடித்தால் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆளைத் தினம் பார்க்கிறவர்களைவிட ஆல்பம்தான் இதை முதலில் காட்டும்.

● சட்டைக் காலர்: அதே சட்டை, போன தீபாவளிக்குப் பிடித்தாற்போல் இருந்தது, இந்தத் தீபாவளிக்குத் தொளதொளவென்று தொங்குகிறது. முயற்சி எதுவும் செய்யாமல் எடை குறைந்தால் சர்க்கரை, காசம் முதலியவற்றுக்குப் பரிசோதனை அவசியம்.

● சிரிப்பு: சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் மட்டும் போகிறதா? எங்கள் மருத்துவத்தில் முகவாதம் என்று ஒன்று உண்டு. ஆனால் அது முகவாதமா, பக்கவாதமா என்று வீட்டில் இருந்துகொண்டு ஆராய்ச்சி செய்யாதீர்கள். திடீரென்று வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. மூளை இரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கை. படத்தின் நிறத்தை வைத்து "இரத்தசோகை", "காமாலை" என்று முடிவு கட்டாதீர்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் யாரும் வெளுத்துத்தான் தெரிவார்கள். செல்போனே முகத்துக்கு மாவு பூசி அனுப்புகிறது! ரொம்பப் பக்கத்தில் வைத்து எடுத்தால் யாருடைய மூக்கும் பெரிதாகத்தான் தெரியும். எண்வகைத் தேர்வில் போட்டோவுக்குள் அடங்குவது நிறமும் விழியும் மட்டும்தான், அதுவும் அரைகுறையாக. நாடியைப் படம் பிடிக்க முடியாது. ஆல்பம் நோயின் பெயரைச் சொல்லாது. "எதற்கும் ஒரு எட்டு டாக்டரிடம் போய் வா" என்று மட்டும் சொல்லும்.

நாய், பூனையைப் படம் எடுக்கும்போது

அண்ணாச்சியின் படங்களில் நாய்கள் நம்மை நேருக்கு நேர் பார்க்கும். ரகசியம் என்ன? அவர் தரையில் உட்கார்ந்துவிடுவார். மேலே நின்று எடுத்தால் முதுகுதான் வரும்; அதன் கண் மட்டத்துக்கு இறங்கினால்தான் முகம் வரும். ஃப்ளாஷ் போட மாட்டார். நாய்க்கு வாய் வறட்டு பிஸ்கட், பூனைக்குக் கருவாட்டு வாசனை!

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பார். குழந்தையை நாயின் கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்லிப் படம் எடுக்க மாட்டார். இறுக்கிப் பிடிப்பது பல நாய்களுக்குப் பிடிக்காது. காதைப் பின்னுக்கு மடக்கி, வாலை இடுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, உதட்டை நக்கினால் "என்னை விடு" என்று அர்த்தம். சாப்பிடும்போதும், குட்டிகளோடு படுத்திருக்கும்போதும் கேமராவோடு பக்கத்தில் போகாதீர்கள்.

தப்பித்தவறிப் பல் பட்டுவிட்டால், வீட்டு நாய்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் வைத்துக் கட்டாதீர்கள். வெறிநாய்க்கடி நோய் வந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். வராமல் தடுப்பது சுலபம். வளர்க்கும் நாய், பூனைக்கு வருஷா வருஷம் ஊசி போட்டு, அந்தத் தேதியையும் அதன் படத்துக்குப் பின்னால் எழுதி வையுங்கள்.

எடுக்கிறவருக்கும் மருந்து

எடுக்கப்படுகிறவர்களுக்கு மட்டுமல்ல, எடுக்கிறவருக்கும் இது நல்ல மருந்து. ரிட்டயர் ஆன மறுநாளே ஈஸிசேரில் சாய்ந்துவிடுகிற ஆண்களை நான் நிறையப் பார்க்கிறேன். ஆறே மாதத்தில் தூக்கம் வரவில்லை, பசிக்கவில்லை என்று வருவார்கள். நாலு வீடு ஏறி இறங்க ஒரு காரணம் வேண்டும். அண்ணாச்சிக்குக் கேமரா அந்தக் காரணம். தினமும் நடக்கிறார், குனிகிறார், உட்கார்ந்து எழுகிறார், நாலு பேருடன் பேசுகிறார். கேமராவை அழுத்தும் முன் மூச்சை மெதுவாக வெளியே விடுவார். "அப்பத்தான் கை ஆடாது" என்பார்.

வயதாகிவிட்டதே, இனிமேல் என்ன என்கிறீர்களா? ஜூலியா மார்கரெட் கேமரன் என்று ஓர் அம்மையார். 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863-ல், 48 வயதில், இங்கிலாந்தில் இருந்தபோது மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமரா பரிசளித்தார்கள். கோழிக்கூண்டை ஸ்டூடியோவாகவும், கரி போடும் அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டு, வீட்டு வேலைக்காரப் பெண்கள், உறவினர்கள், அக்கம்பக்கத்தவர்கள் என்று எல்லோரையும் எடுத்துத் தள்ளினார். 1875-ல் இலங்கைக்குக் குடிபோய், அங்கே தோட்டத் தொழிலாளிகளையும் படம் எடுத்தார். 1879-ல் அங்கேயே இறந்தார். உலகப் புகழ்பெற்ற முகப்படங்கள் அவருடையவை. ஆரம்பித்தது 48 வயதில்!

சில கட்டுப்பாடுகள் மட்டும் உண்டு. மூட்டுவலிக்காரர்கள் குத்துக்காலிட்டு உட்காராமல் சின்ன முக்காலி வைத்துக்கொள்ளுங்கள். எழும்போது எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள். எடுத்த படங்களை மணிக்கணக்கில் தலை குனிந்து பார்க்காதீர்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில் உள்ளதை இருபது விநாடி பாருங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணாச்சி ஒருநாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, "எல்லாப் படமும் பனி மூட்டமா வருது. ரிப்பேருக்குக் குடுக்கணும்" என்றார். நான் படங்களைப் பார்த்தேன். எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தன!

"அண்ணாச்சி, ரிப்பேர் கேமராவுல இல்ல..."

கண்புரை. ஆபரேஷன் செய்துகொண்டார். இப்போது மறுபடி பளிச்!

சில சந்தேகங்கள்

*ஃப்ளாஷ் போட்டால் குழந்தையின் கண் கெடுமா?*

சாதாரண தூரத்தில் நின்று எடுத்தால் கெடாது. ஆனாலும் கைக்குழந்தையின் முகத்துக்கு நேரே, ரொம்பப் பக்கத்தில் வைத்து அடிக்க வேண்டாம், திடுக்கிட்டு அழும். ஜன்னல் வெளிச்சமே முகத்துக்கு அழகு.

*கண்ணில் வெள்ளை தெரிகிறது. தாய்ப்பால், தேன், பூச்சாறு ஏதாவது விடலாமா?*

கூடாது. சித்த வைத்தியனாகவே சொல்கிறேன், கூடவே கூடாது. நோய் இருப்பது கண்ணுக்கு உள்ளே. மேலே விடுவது அங்கே போகாது. புண்ணையும் சீழையும் வரவழைத்து, நாளையும் கடத்தும்.

*அடுத்த வீட்டுக்காரர் படத்தில் ஏதோ தெரிகிறது. எப்படிச் சொல்வது?*

தெருவில் நின்று சொல்லாதீர்கள். வாட்ஸ்ஆப்பில் போடாதீர்கள். அண்ணாச்சி மாதிரிப் படத்தை எடுத்துக்கொண்டு குடும்ப டாக்டரிடம் போங்கள். அல்லது பெற்றவர்களைத் தனியாகப் பார்த்து, "எனக்கு ஒரு சந்தேகம், எதுக்கும் காட்டிருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்தவர் பிள்ளைகளை எடுக்கும் முன் பெற்றவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு ஒரு படம்

என்ன செய்யலாம்? வருஷத்துக்கு ஒருமுறை, பிறந்தநாளன்று, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் ஒரே இடத்தில், ஒரே ஜன்னல் பக்கத்தில் உட்கார வைத்து மூன்று படம் எடுங்கள். நேரே பார்த்து ஒன்று, சிரித்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அழகுபடுத்தும் வசதி எதுவும் போனில் வேண்டாம். பிரிண்ட் போட்டுப் பின்னால் பெயர், வயது, தேதி எழுதுங்கள். முடிந்தால் எடையையும் எழுதுங்கள். தாத்தா பாட்டியை விட்டுவிடாதீர்கள். செல்போனில் ஆயிரம் படம் கிடந்தாலும், தேடி எடுக்க முடியாத படம் இல்லாத படம்தான்.

பாப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு ரொம்ப நாள் அவள் அம்மா யாரையும் படம் எடுக்க விடவில்லை. அண்ணாச்சியும் கேட்கவில்லை. அந்தத் தெருப்பக்கம் போனால் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நேரம் வந்தது. ஒருநாள் அம்மாவே பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாமா, பிள்ளைய ஒரு படம் எடுங்க. மொத மொதல்ல யூனிபாரம் போட்டிருக்கா."

அண்ணாச்சி வழக்கம்போல் தரையில் உட்கார்ந்தார். அன்றைய நாய்க்குட்டி அதற்குள் பெரிய நாயாகிவிட்டது. அதுவும் கூடவே வந்து பாப்பாவின் காலடியில் படுத்துக்கொண்டது. படத்தில் பாப்பா சிரிக்கிறாள். எது செயற்கைக் கண் என்று சட்டென்று சொல்ல முடியாது.

அதில் ஒரு பிரதி என் கிளினிக் மேஜையில், கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. எவ்வளவு கூட்டம் இருந்தாலும், யாராவது ஓர் ஆச்சி போகிற போக்கில் ஏதாவது சொன்னால், எனக்கு முதலில் அந்தப் படம்தான் கண்ணில் படும். எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன்.

நீங்களும் இன்று சாயங்காலம் டி.வி.யை அணைத்துவிட்டு, வீட்டு ஆல்பத்தை எடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பாருங்கள்.